ஜூன் ஒன்றில் பிறந்த பதினான்கு பேர்

1

இன்று காலை ஆபீசுக்கு இரண்டு கேக் கொண்டுபோனேன். ஒன்று ஆப்பிள், ஒன்று எலுமிச்சை. ஜெர்மனியில் பிறந்தநாள்காரர்தான் மற்றவர்களுக்குக் கேக் கொண்டுவர வேண்டும். கொண்டுவராவிட்டால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். ஒரு வாரத்துக்கு முகத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொள்வார்கள்.

எங்கள் பிரிவின் தலைவர் ஆப்பிள் கேக்கில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, சுவரில் தொங்கும் பிறந்தநாள் காலண்டரைப் பார்த்தார்.

"உங்களுக்கு நவம்பரில்தானே? போன வருடம்தான் திருத்தி எழுதினோம்."

"ஆமாம், நவம்பரில்தான்."

"அப்படியானால் இந்தக் கேக்?"

"என்னோடு படித்த ஒருவனுக்காக."

"அவருக்கு இன்று பிறந்தநாளா?"

"இல்லை."

அவர் கொஞ்ச நேரம் மென்றார். பிறகு எலுமிச்சையிலும் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார். கேக் நன்றாக இருந்தால் இவர்கள் அதற்கு மேல் விளக்கம் கேட்பதில்லை. ஊரில் இருக்கும் நீங்கள் அப்படி விடமாட்டீர்கள் என்பதால் முழுக் கதையையும் எழுதுகிறேன்.

2

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகிற பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, பருத்திக்காட்டு வழியே இரண்டு மைல் நடந்தால் எங்கள் ஊர். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க என்னை அப்பா கூட்டிக்கொண்டு போன அன்று பள்ளிக்கூடத்து வாசலில் பதினான்கு பிள்ளைகள் நின்றோம். தலைமையாசிரியர் ஒவ்வொரு தகப்பனிடமும் பிறந்த தேதி கேட்டார்.

ஒருவர், "பெரிய மழை பேஞ்ச வருசம்," என்றார். இன்னொருவர், "எங்க செவலைப்பசு கன்னு போட்டதுக்கு முந்துன மாசம்," என்றார். என் அப்பா மேலே பார்த்துவிட்டு, "நீங்களே பாத்து ஒண்ணு போட்ருங்க சார்," என்றார்.

தலைமையாசிரியர் பேனாவை மூடி வைத்தார். எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டவனுக்கு ஐந்து வயது ஆகிவிட்டது என்று அர்த்தம். எனக்கு எட்டவில்லை. அப்பா என் தலையைக் கொஞ்சம் சாய்த்துவிட்டார். எட்டியது. அன்று ஜூன் ஒன்றாம் தேதி. வருடத்தில் மட்டும் ஐந்தைக் குறைத்து, அதே தேதியைப் பதினான்கு பேருக்கும் பிறந்த தேதியாக எழுதிவிட்டு அவர் காபி குடிக்கப் போய்விட்டார்.

வரிசையில் கடைசியாக நின்றவன் கடற்கரை. எங்கள் பக்கம் ஆட்களுக்கு அப்படிப் பெயர் வைப்பதுண்டு. கடலுக்கும் அவனுக்கும் வேறு சம்பந்தம் கிடையாது, அவன் ஆட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை. அவன் கை காதைத் தாண்டித் தோள்வரை இறங்கியது. எங்கள் எல்லோரையும்விட ஒன்றரை முழம் உயரம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவனை அப்போதுதான் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். ஆறாம் வகுப்பில் அவனுக்கு மீசை அரும்பியது. ஏழாம் வகுப்பில் சவரம் செய்துகொண்டு வந்தான். நாங்கள் அவனை வளர்ந்தவன் என்றுதான் நினைத்தோம், மூத்தவன் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. பள்ளிக்கூடத்து ரிஜிஸ்டர் அப்படிச் சொல்லும்போது நாங்கள் யார் மறுத்துச் சொல்ல?

3

நான் பாலிடெக்னிக் படித்து, சென்னையில் பத்து வருடம் வேலை பார்த்து, தொண்ணூறுகளின் நடுவில் ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றுக்கு வந்து சேர்ந்தேன். அட்டைப்பெட்டி மடிக்கும் இயந்திரங்கள் செய்கிற கம்பெனி. தீப்பெட்டி செய்கிற கோவில்பட்டிப் பக்கம் பிறந்தவன் கடல் கடந்து வந்தும் பெட்டியை விடவில்லை. அன்றிலிருந்து அதே மேசை, அதே நாற்காலி. நாற்காலியின் உறையை மட்டும் ஒருமுறை மாற்றினார்கள்.

வந்த மறு வருடம் ஜூன் ஒன்றாம் தேதி காலை எட்டரை மணிக்கு ஆபீஸ் போன் அடித்தது.

"ஏலே சுப்பையா, நமக்குப் பொறந்தநாளுலே!"

கடற்கரை. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தான். அதன் பிறகு ஒரு ஜூன் ஒன்றுகூட அவன் தவறியதில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் வேறு வேலையிலிருந்து பேசினான்.

பூத் ஒரு வருடம்கூட ஓடவில்லை. வளைகுடாவுக்குப் போன புருசன்மாரிடம் பேசுகிற பெண்கள் போனைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். அழுகிற நேரத்துக்கு மீட்டர் ஓடுவது நியாயமில்லை என்று இவன் மீட்டரை நிறுத்திவிடுவான். விஷயம் பரவி, முதலில் அழுதுவிட்டுப் பிறகு அழுகையோடு அழுகையாகப் பேசிக்கொள்ளும் வழக்கம் சுற்றுவட்டாரத்தில் உருவாகிவிட்டது.

அடுத்து கல்யாண வீடியோ. கழுகுமலையில் ஒரே முகூர்த்தத்தில் பக்கத்துப் பக்கத்து மண்டபங்களில் இரண்டு கல்யாணம். தாலி கட்டுவதைச் சரியாக எடுத்துவிட்டு, பந்தி எடுக்க வேறு மண்டபத்துக்குள் போய்விட்டான். கேசட்டைப் பார்த்த பெண் வீட்டார் அதெல்லாம் மாப்பிள்ளை வீட்டுச் சொந்தம் என்று நினைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுச் சொந்தம் என்று நினைத்தார்கள். குழந்தைக்குக் காதுகுத்து வைத்து, கேசட்டில் சாப்பிட்டவர்களில் ஒருவரையும் காணவில்லையே என்று தேடியபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

பிறகு ஒரு கடலைமிட்டாய்க் கடை. அங்கே ஆறே வாரம். பாகு பதம் சரியாக இருக்கிறதா என்று கடித்துப் பார்த்தே ஒரு கடைவாய்ப் பல்லை இழந்தான். பிறகு ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராக அறிவிப்புச் செய்கிற வேலை. பிறகு கயத்தாறு பக்கம் காற்றாலைக் காவல். காற்றாடி சுற்றுகிறதா என்று மணிக்கொரு முறை நோட்டில் எழுத வேண்டும். ஆடி மாதம் முழுக்க 'சுத்துது' என்று எழுதினான். ஐப்பசியில் காற்று நின்றும் நிற்காமலும் இருந்த ஒரு நாள், 'யோசிக்குது' என்று எழுதினான். மேலாளர் அந்த நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு இவனை அனுப்பிவிட்டார்.

ஒவ்வொரு முறையும் பேச்சை முடிக்கும்போது நான் ஒரே உபதேசம்தான் செய்வேன். "நிரந்தரமா ஒரு வேலையப் பாருலே." அவனும் ஒரே பதில்தான் சொல்வான். "பாத்துக்கிட்டேதாம்லே இருக்கேன்."

அப்புறம் ஒரு வருடம் போன் வந்தது. குரலே மாறியிருந்தது. எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் என்றைக்கோ பதிந்து வைத்ததற்குக் கார்டு வந்து, அரசு அலுவலகம் ஒன்றில் உதவியாளர் வேலை. "ஏலே, கெவர்மெண்ட்டுலே! பென்சன் உண்டுலே! இனி ஒனக்குச் சொல்ல ஒண்ணுமில்லல்லா?" அன்று நான் உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். என் உபதேசம்தான் பலித்தது என்று மனைவியிடம் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

என் மகள் மீனா இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழில் 'சாப்பிட்டேன்', 'பசிக்கல', 'அப்பா, பிளீஸ்' மூன்றும் சுத்தமாகச் சொல்வாள். பள்ளிக்கூடத்தில் தெரிந்த ஒருவரின் தொழிலைப் பற்றி எழுதச் சொன்னபோது கடற்கரை மாமாவைப் பற்றி எழுதினாள். டீச்சர் சிவப்பு மையில் குறிப்பு எழுதி அனுப்பியிருந்தார்: "ஒரு நபரைப் பற்றி எழுதச் சொன்னேன். நீ ஆறு பேரைப் பற்றி எழுதியிருக்கிறாய்."

4

குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். நான் வீட்டில் பிறந்தவன், எந்தப் பதிவேட்டிலும் ஏறாதவன். பள்ளிச் சான்றிதழைக் கொடுத்தேன். "இது நீங்கள் பள்ளியில் சேர்ந்ததற்குச் சான்று. பிறந்ததற்கு?" என்றார் அந்த அதிகாரி அம்மாள். நான் எதிரில் உட்கார்ந்திருப்பதை அவர் சான்றாக எடுத்துக்கொள்ளத் தயாராக இல்லை. பிறந்ததை நேரில் அறிந்த ஒருவர் சத்தியப் பிரமாணம் எழுதித் தந்தால் பார்க்கலாம் என்றார்.

அப்பா அம்மா இல்லை. மருத்துவச்சி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். கடற்கரைக்குப் போன் செய்தேன். "இம்புட்டுத்தானா? நான் பாத்துக்கிடுதேன்," என்றான். ஒரே மாதத்தில் முத்திரைத்தாளில் பத்திரம் வந்தது. 'மேற்படி சுப்பையா ஜூன் ஒன்றாம் தேதி பிறந்ததை நான் நேரில் கண்டு அறிவேன். இப்படிக்கு, கடற்கரை. தொழில்: அரசுப் பணி, நிரந்தரம்.' நிரந்தரம் என்பதற்கு அடியில் கோடு வேறு. கூடவே, கேட்காமலே, தன் பள்ளிச் சான்றிதழ் நகலையும் இணைத்திருந்தான்.

அதிகாரி அம்மாள் இரண்டு மொழிபெயர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"நீங்கள் பிறந்ததை இவர் நேரில் பார்த்திருக்கிறார்."

"ஆமாம்."

"அதே நாளில் இவரும் பிறந்திருக்கிறார்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பதற்றத்தில், அந்த நாளில் நாங்கள் பதினான்கு பேர் பிறந்தோம் என்று விளக்கினேன். ஒரே ஊரிலா என்றார். ஒரே வகுப்பில் என்றேன். தேதியைக் கொடுத்தது தலைமையாசிரியர் என்று சொல்ல வாயெடுத்து, ஜெர்மன் வினைச்சொல் காலை வாரிவிட்டது. "பதினான்கு பேரையும் எங்கள் தலைமையாசிரியர்தான் பெற்றெடுத்தார்," என்று சொல்லிவிட்டேன்.

அவர் எழுந்து ஜன்னலைத் திறந்து கொஞ்ச நேரம் வெளியே பார்த்தார். திரும்பி வந்து நிதானமாகச் சொன்னார். மூன்று மாதம் அவகாசம். பிறந்த ஊரில் அதிகாரி முன்னிலையில் விசாரணை நடந்து, பிறப்பு முறைப்படி பதிவாக வேண்டும். சாட்சி சொல்பவர் என்னைவிட மூத்தவராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பொய் ஆவணம் கொடுத்ததாக முடிவெடுப்பார்கள். அப்படி முடிவானால் குடியுரிமை மட்டுமல்ல, இங்கே இருக்கிற அனுமதியும் கேள்விக்குறிதான்.

கடற்கரையைப் போனில் பிடித்துக் கத்தினேன். "ஒனக்கு அறிவு இருக்காலே? கூடப் பொறந்தவன் எப்படிலே சாட்சி சொல்லுவ?"

அவன் கோபப்படவில்லை. "நடக்கலேன்னா என்ன செய்வாவ?" என்று கேட்டான்.

"மூட்டையக் கட்டுன்னுருவாங்க."

"புள்ளையுமா?"

"புள்ளையுந்தான்."

"அது இங்கன வந்து என்னல செய்யும்? பஸ் போர்டுகூட வாசிக்கத் தெரியாதே." பிறகு, "சரி. ஒன்னவிட மூத்த ஆளு ஒருத்தன் இருக்கான். நீ பொறந்ததும் அவனுக்குத் தெரியும். நான் பாத்துக்கிடுதேன்," என்றான். யார் என்று நான் கேட்கவில்லை. வேலை நடந்தால் போதும் என்றிருந்தது.

5

இரண்டு மாதம் கழித்து இரண்டாவது பத்திரம் வந்தது. பிரித்துப் பார்த்தால் அதே கையெழுத்து, அதே கடற்கரை.

'பள்ளியில் என் வயது தவறாகப் பதியப்பட்டது. உண்மையில் நான் மேற்படி சுப்பையாவைவிட ஐந்து வயது மூத்தவன். அவர் பிறந்த அன்று எங்கள் ஆட்டுக்கிடை அவர் தகப்பனார் புஞ்சையில் உரத்துக்காகப் போட்டிருந்தது. ஐப்பசி மூன்றாம் வெள்ளிக்கிழமை, விடிந்து ஆட்டை மேய்ச்சலுக்குப் பத்துகிற நேரம், அடைமழை. மருத்துவச்சியைக் கூட்டிவர என்னைத்தான் அனுப்பினார்கள். கரிசல் மண் காலில் அப்பி, கால் யானைக்கால் மாதிரி ஆகி, நடக்க முடியாமல் நான் அழுததும், மருத்துவச்சி என்னையும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வந்ததும் எனக்கு நன்றாக ஞாபகம் உள்ளது.'

இந்த விஷயத்தை அவன் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நான் உலகத்துக்கு வந்த செய்தியை நாற்பது வயதில் முத்திரைத்தாளில் படித்தேன்.

விசாரணையும் முடிந்து, பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டு, நவம்பர் நான்காம் தேதி என்று பிறப்பைப் பதிந்திருந்தார்கள். அதிகாரி அம்மாள் எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தார். "சாட்சியின் தொழில், முன்பு ஆடு மேய்த்தல் என்று இருக்கிறது. முன்பு என்றால் எப்போது?"

"ஐந்து வயதில்."

அவர் முதல்முறையாகச் சிரித்தார். "பொய் சொல்கிறவருக்குக் காலில் ஒட்டிய மண் ஞாபகம் இருக்காது," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

நானும் அந்தத் தொழில் வரியைப் படித்துச் சிரித்தேன். ஆபீசில் எல்லோருக்கும் மொழிபெயர்த்துச் சொல்லி அவர்களையும் சிரிக்க வைத்தேன். பாஸ்போர்ட்டில் தேதி திருத்த அலைந்தது வேறு கதை. காகிதத்தில் எனக்கு ஐந்து மாதம் வயது குறைந்தது. அவனுக்கு ஒரே நாளில் ஐந்து வருடம் கூடியது. அதையும் ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

6

போன வருடம் ஜூன் ஒன்றாம் தேதி வழக்கம்போல் எட்டரைக்குப் போன்.

"ஏலே, இப்ப ஈமு கோழி வளக்கேன்லே. ஆளு ஒசரம் இருக்கு. ஒண்ணு என்னையவே குனிஞ்சு பாக்குலே."

"ஆபீஸ் வேலை?"

"அத விட்டாச்சு."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. பென்சன் உள்ள வேலையை விட்டுவிட்டு எவனாவது கோழி பின்னால் போவானா, நீ திருந்தவே மாட்டாய், உன் பெண்டாட்டியை நினைத்துப் பார்த்தாயா என்று அரைமணி நேரம் பொரிந்து தள்ளினேன். "சரில, சரில," என்று கேட்டுக்கொண்டான். கடைசியில் நான்தான் போனை வைத்தேன்.

மனசு கேட்காமல் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் செல்போனுக்கு அடித்தேன். அவன் மனைவி முத்துலட்சுமி எடுத்தார்.

"அவிய இல்ல அண்ணாச்சி. ஒரு ஈமு வேலியத் தாண்டி ஓடிருச்சு. அவிய அது பின்னால எட்டயபுரம் ரோட்டுல ஓடிக்கிட்டிருக்காவ."

"என்ன மதினி இது? இருந்த நல்ல வேலைய விட்டுட்டு..."

அவர் மெதுவாகச் சொன்னார்.

"அவியளா விடல அண்ணாச்சி. ஒங்களுக்குச் சாட்சி சொல்லப் போயில்லா போச்சு. ஸ்கூல் சர்ட்டிபிகேட் வயசப் பாத்துத்தான வேலை குடுத்தாவ? நெசமாவே அஞ்சு வயசு கூடன்னா, சேரும்போதே வயசு வரம்பு தாண்டியாச்சுல்லா. விசாரணைக்கு வந்த அதிகாரி நல்ல மனுசன். 'கடற்கரை, யோசிச்சுக்கோ. இத இப்பவே கிழிச்சுப் போட்டா யாருக்கும் தெரியாது'ன்னாவ. இவிய, 'எழுதுனது எழுதுனதுதான் சார்'ன்னுட்டாவ. ராஜினாமாவக் குடுத்துட்டு வீட்டுக்கு வந்து, ரசம் இருக்கான்னு கேட்டாவ. நான் சொன்னேன்னு சொல்லிராதீய."

போனை வைத்துவிட்டு அலமாரியிலிருந்து அந்த இரண்டு பத்திரங்களின் நகலையும் எடுத்தேன். முதலாவதில் 'அரசுப் பணி, நிரந்தரம்', அடியில் கோடு. இரண்டாவதில் 'முன்பு ஆடு மேய்த்தல்'. இதில் கையெழுத்துப் போட்ட அன்று அவன் இன்னும் அந்த அலுவலகத்தில் வேலையில்தான் இருந்தான். ஆனாலும் அந்த வேலையை எழுதவில்லை. இந்தக் காகிதம் என்ன செய்யும் என்று எழுதும்போதே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இதைத்தான் நான் ஆபீஸ் முழுக்கப் படித்துக் காட்டிச் சிரித்தேன். அவனுக்குத்தான் அரைமணி நேரம் புத்தி சொன்னேன். இவ்வளவு வெட்கம் நான் ஆயுளில் பட்டதில்லை.

பக்கத்து அறையில் மீனா தோழியோடு ஜெர்மனில் என்னவோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

7

இன்று போன் வரத் தாமதமாகிவிட்டது. எட்டரை போய் ஒன்பதும் ஆனது. தலைவர் இரண்டாவது துண்டோடு உள்ளே போன பிறகுதான் அடித்தது.

"ஏலே, பொறந்தநாளுலே! கூட்டம்லே, அதான் லேட்டு."

"என்னல கூட்டம்? ஈமு என்னாச்சு?"

"அது போச்சு. அதக் கேக்காத. இப்ப தாலுகா ஆபீஸ் வாசல்ல மேசை போட்டு மனு எழுதுதேன். வயசு தெரியாதவியதான் நெறைய. பென்சனுக்கு, ரேசனுக்கு, எல்லாத்துக்கும் தேதி கேக்காவல்லா? நான் மழையக் கேப்பேன், வெதைப்பக் கேப்பேன், எந்த மாடு எப்பக் கன்னு போட்டுச்சுன்னு கேப்பேன். பஞ்சாங்கத்தப் பாத்து நெசமான தேதியக் கண்டுபிடிச்சிருவேன். ஒருத்தருக்குத் தேதி கண்டுபிடிக்க அரை நாள் ஆவுது. வரிசை ரோடு வரைக்கும் நிக்கி."

"அரை நாளா? பேசாம எல்லாத்துக்கும் ஜூன் ஒண்ணு போட்டு அனுப்பிவிட வேண்டியதுதானே?"

"அது முடியாதுலே. அதுல ஏற்கெனவே நாம பதினாலு பேரு இருக்கோம். எடமில்ல."

நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். மீனாவைப் பற்றிக் கேட்டான், கேக் எத்தனை வாங்கினாய் என்று கேட்டான். பின்னால் யாரோ ஒரு பெரியவர், "எங்க செவலைக்காளை செத்த வருசம்னு போடுங்க," என்று சொல்வது கேட்டது.

"சரிலே, ஆளு நிக்காவ. வைக்கட்டா?"

"சரிலே."

அவன் வைக்கவில்லை. "என்னல, ஒண்ணும் சொல்லலியே?"

"என்ன சொல்ல?"

"நிரந்தரமா ஒரு வேலையப் பாருன்னு சொல்லுவியே."

மேசையில் இருந்த கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுமுனையில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"அவ சொல்லிப்புட்டாளா?" என்றான்.

"கேக் நல்லா இருக்குலே," என்றேன்.

"எனக்கு ஒரு துண்டு எடுத்து வையி," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

எலுமிச்சையில் ஒரு துண்டு எடுத்து வைத்திருக்கிறேன்.